கடனில்லாத சாவு: தோட்டத்து மரணாதாரச் சங்கம் பிறந்த கதை

ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் சம்பளச் சீட்டுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கத்தில் அந்த மாதம் விழுந்த பேர்களும் (வேலைநாட்களும்) கொழுந்துக் கணக்கும் இருக்கும். மற்றப் பக்கம் பிடித்தம்: ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம், தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணத்தின் தவணை, கோயில் காசு, சலவைக்காரருக்கும் முடி வெட்டுகிறவருக்கும் சேரவேண்டியது. இவற்றுக்கு நடுவே மரணாதாரம் என்று ஒரு சின்னத் தொகையும் நிற்கும். சந்தாவை ஏன் வெட்டினார்கள் என்று தலைவரோடு சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். முற்பணத் தவணைக்காகக் கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். மரணாதாரக் காசைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அந்தக் காசு செய்யும் வேலை, சாவு விழுந்த வீட்டில் தெரியும். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு மூச்சு நின்றதும் முதல் ஆள் ஓடுவது சங்கச் செயலாளர் வீட்டுக்கு. அவர் கொப்பியைப் பார்த்து, கைவசம் இருக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு வருகிறார். சங்கத்துக்குச் சொந்தமான கூடாரத் துணி, நாற்காலிகள், அண்டா, தேநீர்க் கோப்பைகள் எல்லாம் முன்திண்ணையான இஸ்தோப்புக்கு வந்து சேர்கின்றன. பக்கத்துத் தோட்டங்களுக்குக் கேதம் சொல்ல இரண்டு பேர் கிளம்புகிறார்கள். குழி வெட்ட ஒரு கூட்டம், விறகுக்கு ஒரு கூட்டம் எனப் பிரிகிறது. இழவு வீட்டு அடுப்பு எரியக்கூடாது என்பதால் அடுத்த காம்பராக்களில் ரொட்டியும் சம்பலும் தயாராகின்றன. தப்பு முழங்கத் தொடங்கும்போது, ‘பெட்டிக்கு என்ன செய்யப் போகிறோம்’ என்ற கேள்வி அந்த வீட்டில் எழுவதில்லை. அழுவதைத் தவிர வேறு வேலை எதையும் சங்கம் அந்தக் குடும்பத்துக்கு மிச்சம் வைப்பதில்லை.

இந்தச் சங்கத்துக்கு ஒரு நிறுவனர் கிடையாது. மடுல்சீமையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் நமுனுகுல மலையடியிலும் தோட்டத்துக்குத் தோட்டம் தனித்தனியாகப் பிறந்தது. ஆனால் அதைப் பிறக்க வைத்த காரணங்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அவற்றில் மூத்த காரணம் தேயிலைக்கும் முந்தியது.

கோப்பிக் காலத்தில் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். நூறு மைலுக்கு மேற்பட்ட வழி. குடிக்கத் தண்ணீர் அரிது; வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே நடந்து வந்தன. ஊவாவுக்கு வர வேண்டியவர்களுக்கு மாத்தளைக்குப் பிறகும் மலையேற்றம் பாக்கி இருந்தது. விழுந்தவரைச் சுமக்க யாருக்கும் தெம்பில்லை. நின்று குழி தோண்ட நேரமில்லை. 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் அளவில் இறந்திருப்பார்கள் என்று ‘கொழும்பு ஒப்சர்வர்’ பத்திரிகை 1849இல் கணக்கிட்டது. அந்தத் தொகையைக் குறைத்துப் பிடித்தாலும், வாய்க்கரிசி இல்லாமல், கோடித்துணி இல்லாமல், பேர் சொல்லி அழ ஆளில்லாமல் போனவர்கள் ஆயிரக்கணக்கில் என்பதில் மாற்றம் வராது. ‘அநாதைப் பிணமாய்ப் போவாய்’ என்பது தமிழில் மிகக் கொடிய சாபங்களில் ஒன்று. மலைக்கு வந்து சேர்ந்தவர்கள் அந்தச் சாபம் பலித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

இரண்டாவது காரணம் கடன். ஆட்களைக் கூட்டி வந்த கங்காணிதான் வழிச் செலவுக்கு முன்பணம் தந்தவர். தோட்டத்துக்கு வந்த பிறகும் அரிசிக்கும் கம்பளிக்கும் அவர் மூலமாகவே கடன் ஏறியது. ஓர் ஆள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவர் பேரில் உள்ள கடன் எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் அவர் நகரலாம். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதுவரைக்கும் ஒரு குடும்பத்தின் துண்டை ஒரே நாளில் பாரமாக்கக்கூடியவை கலியாணமும் சாவும்தான். கலியாணத்தை ஒரு வருடம் தள்ளிப்போடலாம். சாவை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. பிணத்தை இஸ்தோப்பில் கிடத்திவிட்டுக் கங்காணி வீட்டு வாசலில் நின்றவரால் வட்டி பற்றிப் பேரம் பேசவும் முடியாது. தகப்பனைப் புதைத்த செலவு மகனின் துண்டில் ஏறியது.

தோட்டம் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. பெட்டி அடிக்கப் பலகையும், குழி வெட்டுகிறவர்களுக்குப் பேரும் கொடுப்பது வழக்கமாகவே வந்தது. புதைக்கும் அளவுக்குத் துரைமார் பொறுப்பேற்றார்கள். ஆனால் ஒரு மனிதரை அனுப்பிவைப்பதற்குப் புதைப்பது மட்டும் போதாது. தூரத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாமனுக்கு ஒரு வாய் சாயத்தண்ணி வேண்டும். தப்படிப்பவருக்குக் கூலி வேண்டும். பந்தத்துக்கு எண்ணெய், மாலைக்குப் பூ, பிறகு கருமாதிக்கு அரிசி வேண்டும். தோட்டம் கொடுத்ததற்கும் மனசு கேட்டதற்கும் நடுவே இருந்த இடைவெளியை அடுத்த காம்பராக்காரர்கள் நிரப்பினார்கள். ஆளுக்கு ஒரு கொத்து அரிசி, ஒரு தேங்காய், அரைப்பேர்க் காசு. கலியாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைக்க வேண்டும். சாவுக்கு அழைப்பில்லை என்பது நம் வழக்கம். அழைக்காமல் போகும் அந்தக் கால்கள்தான் சங்கத்தின் முதல் உறுப்பினர்கள்.

வழக்கம் சங்கமாக மாறுவதற்கு மூன்று பொருட்கள் தேவைப்பட்டன: எழுதத் தெரிந்த கை, கூடிப் பேசும் பழக்கம், ஒழுங்காகக் காசு வந்து சேர ஒரு வழி. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்தில் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. படிப்பு என்ற பேரில் கிடைத்தது சொற்பம். ஆனாலும் ஒரு கொப்பியில் பேர்களை எழுதி எதிரே தொகை போடத் தெரிந்த ஒரு தலைமுறை அதிலிருந்து வந்தது. 1939 ஜூலையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அதன் தொழிற்சங்கம் அடுத்த ஆண்டு வந்தது. அதே 1940இல் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில், இடதுசாரிச் சமசமாஜிகளின் தொழிற்சங்கத்தில் இருந்த தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிந்தெடுத்து, துரை அந்தச் சபையோடு கலந்துபேசியே காரியம் செய்யவேண்டும் என்ற நிலையை உண்டாக்கினார்கள். அந்தப் போராட்டம் பிறகு முறியடிக்கப்பட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆட்களைத் தெரிந்தெடுத்து அவர்களிடம் கணக்குக் கேட்கும் பழக்கம் லயத்துக்குள்ளே தங்கிவிட்டது.

மூன்றாவது பொருள் செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பதிவேடு. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளியின் சம்மதத்தோடு சம்பளத்தில் சில பிடித்தங்களைச் செய்ய இடம் கொடுத்தது. முன்பு வீடு வீடாய்ப் போய்த் திரட்டிய காசை இப்போது தோட்டக் கந்தோரே பிடித்துச் சங்கத்திடம் கொடுக்கலாம். கடனை ஏற்றுவதற்குப் பயன்பட்ட அதே பேரேடு, கடனைத் தடுக்கவும் உதவத் தொடங்கியது.

வேலிக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஊவாவின் சிங்களக் கிராமங்களில் மரணாதார சமித்திய இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாட்டிலே மிகப் பரவலான கிராம அமைப்பு அதுதான் என்று சொல்லிவிடலாம். அரசாங்கம் மாறலாம், கூட்டுறவுக் கடை மூடப்படலாம், விளையாட்டுக் கழகம் உடையலாம். சாவுச் சங்கம் நிற்கும். தோட்டத்துச் சங்கம் தன் பேரையும் சில விதிகளையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டது. உறுப்பினர், மனைவி அல்லது கணவன், கலியாணமாகாத பிள்ளைகள், இரு பக்கத்துப் பெற்றோர் என்று யார் யாருடைய சாவுக்குப் பணம் உண்டு என வரிசைப்படுத்துவதும், வராமல் போனால் தண்டம் என்பதும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. தேர்தல் காலத்தில் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கும் தோட்டமும் கிராமமும், பிணத்தைச் சுமக்கும் முறையில் ஒரே பாடத்தைப் படித்திருக்கின்றன.

அந்தப் பாடம் இலங்கையிலும் தொடங்கவில்லை. ரோமாபுரிக்குத் தெற்கே லனூவியம் என்ற ஊரில் 1816இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.பி. 136இல் பொறிக்கப்பட்டது; ஏழைகளும் அடிமைகளும் சேர்ந்து நடத்திய சாவுச் சங்கம் ஒன்றின் விதிமுறைகள் அதில் இருக்கின்றன. சேரும்போது நூறு செஸ்டர்ஸ் நாணயமும் ஒரு சாடி நல்ல திராட்சை மதுவும் கொடுக்க வேண்டும். பிறகு மாதாமாதம் ஐந்து செப்புக் காசு. உறுப்பினர் இறந்தால் முந்நூறு செஸ்டர்ஸ். அதில் ஐம்பது, ஊர்வலத்தில் கூட நடந்து வந்தவர்களுக்கு. இருபது மைலுக்கு அப்பால் ஒருவர் இறந்துபோனால் சங்கத்தார் மூவர் அங்கே போய்க் காரியம் செய்ய வேண்டும். எல்லாவற்றிலும் உருக்கமான விதி ஒன்று உண்டு. அடிமையாக இருந்த உறுப்பினர் இறந்து, எசமான் உடலைக் கொடுக்க மறுத்தால், உடல் இல்லாமலே, உருவம் ஒன்றை வைத்துச் சங்கம் இறுதிச் சடங்கை நடத்தும். ஒரு மனிதரின் உடல் மேல்கூட அவருடைய ஆட்களுக்கு உரிமை இல்லாத காலத்தில், அவரை அனுப்பிவைக்கும் உரிமையை அந்த ஏழைகள் விட்டுக்கொடுக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிகளும் இதையே செய்தார்கள். 1832ஆம் ஆண்டுச் சட்டம், யாரும் உரிமை கோராத ஏழைகளின் உடலை மருத்துவ மாணவர் அறுத்துப் படிக்கக் கொடுக்க வழிசெய்தது. வாரத்துக்கு ஒரு பென்னி கட்டும் சாவுச் சங்கங்கள் தெருவுக்குத் தெரு பெருகியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். உயிரோடு இருப்பவர்களின் வயிற்றுக்குப் போகவேண்டிய காசைச் சாவுக்குச் செலவிடுகிறார்கள் என்று அங்கே மேல்தட்டு ஏழைகளைக் கடிந்துகொண்டது. அதே கண்டனம் நம் மலைகளிலும் கேட்டிருக்கிறது: கருமாதிக்குச் செலவு செய்யாமல் பிள்ளையைப் படிக்க வைக்கலாமே என்று. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சங்கம் இருந்ததால்தான் சாவுச் செலவு பிள்ளையின் படிப்பைத் தின்னாமல் விட்டது என்பதைக் கண்டிப்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. தருமம் வாங்குபவர் தலை குனிய வேண்டும். கடன் வாங்குபவர் கைகட்ட வேண்டும். மரணாதாரம் வாங்குபவர் இரண்டும் செய்ய வேண்டியதில்லை. அது அவரும் கட்டிய காசு. போன மாதம் அவர் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார். இந்த மாதம் அடுத்த வீடு அவருக்குக் கொடுக்கிறது. கங்காணி குடும்பத்துக்கும் நாட்கூலிக் கைக்காசுக்காரருக்கும் ஒரே தொகை, ஒரே கூடாரம். இரக்கத்தைக் கொப்பியில் எழுதி, சந்தாவாக்கி, முறை வைத்தார்கள் நம் முன்னோர். இரக்கம் மனிதரின் மனநிலையைப் பொறுத்தது, முறை அப்படியில்லை. ஊரோடு பகையாய் இருந்தவர் வீட்டுச் சாவுக்கும் செயலாளர் கொப்பியோடு போயாக வேண்டும்.

எல்லாவற்றையும் சங்கம் நேராக்கிவிடவில்லை. தப்படிப்பதும், சுடுகாட்டு வேலைகளும் யார் தலையில் என்பதைச் சாதி தீர்மானித்த வழக்கம் கடல் தாண்டி வந்து, சங்கக் கூடாரத்துக்குள்ளும் உட்கார்ந்திருந்தது. கொழுந்து எடுத்துச் சந்தா கட்டியவர்களில் பெருந்தொகையினர் பெண்கள். பொறுப்பு நாற்காலிகளில் நெடுங்காலம் ஆண்கள். கணக்கில் காசு குறைந்து சங்கம் இரண்டாய்ப் பிளந்த கதைகளும் உண்டு. இவ்வளவு குறைகளோடும் அது பெரிய சோதனைகளைத் தாண்டியது.

முதல் சோதனை, உறுப்பினர்களையே கொண்டுபோனது. 1948இல் குடியுரிமையை இழந்தவர்களில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எழுதியது. பதுளையிலும் பண்டாரவளையிலும் ரயில் ஏறியவர்கள் தலைமன்னார் வரை போய்க் கப்பல் ஏறினார்கள். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் செத்த வீட்டைப் போல அழுததால் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வந்தது. இருபது வருடம் சந்தா கட்டியவர் தமிழ்நாட்டில் போய் இறந்தால், தோட்டத்துச் சங்கம் அவருக்கு எதுவும் செய்ய முடியாது. அடுத்து வந்த 1973–74 பஞ்சத்தில் தோட்டங்களில் சாவு கூடியது. வேலை குறைந்து, பிடிக்கச் சம்பளமே இல்லாமல் போனது. தேவை ஏறி, வரவு இறங்கிய அந்தக் காலத்திலும் பெட்டி இல்லாமல் யாரும் போகக்கூடாது என்பதற்காகத் தங்கள் சோற்றில் கை வைத்தவர்கள் சங்கத்தார்.

மூன்றாவது சோதனை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் வந்தது. கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது லயங்கள் இருந்த இடத்தில் சேறு இருந்தது. பல உடல்கள் கிடைக்கவே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு சாவு என்ற கணக்கில் கட்டப்பட்டது மரணாதாரம். லயத்தோடு லயமாக, கொப்பி, கூடாரம், குழி வெட்ட வேண்டிய ஆட்கள் எல்லாம் ஒன்றாகப் புதையும் நாளுக்கு அதில் விதி எழுதப்படவில்லை.

அந்த இடத்தில் நாடு சங்கமாயிற்று. கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் தமிழ்ப் பாடசாலைகள் முகாம்களாயின. பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர்கள் சோற்றுப் பார்சலோடு வந்தார்கள். யுத்தத்தில் எல்லாம் இழந்து எழுந்துகொண்டிருந்த வடக்கிலிருந்தும் லொறிகள் வந்தன. அந்த வாரங்களில் குறைவில்லாமல் வந்தது அரிசியும் உடுப்பும். தாமதமாக வந்தது வீடு. குடும்பங்கள் மாக்கல்தெனியா தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் மறைப்புகளுக்குள் காலம் கழித்து, 2016இல்தான் எழுபத்தைந்து புதிய வீடுகளைப் பெற்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டம் மறுபடியும் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. மண்சரிவு அபாய மலைகளில் லயங்கள் இன்னும் நிற்கின்றன.

இதற்கிடையே சங்கத்தின் அடியும் மாறிவருகிறது. 1992இல் தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவுத் தொழிலாளர்கள். இன்று அதில் பாதிகூட இல்லை.  செக்ரோலில் பேர் இல்லாதவருக்குச் சம்பளப் பிடித்தமும் இல்லை, மரணாதாரமும் இல்லை. ஓய்வு பெற்றவர், கைக்காசுக்குப் போகிறவர், கொழும்புக் கடைகளில் நிற்கும் இளைஞர் எல்லாரும் சாவு வந்தால் திரும்ப வருவது லயத்துக்குத்தான். ஆகவே பல இடங்களில் சங்கம் கந்தோரை விட்டு வெளியே வந்து, முன்பு போல வீடு வீடாகத் திரட்டுகிறது. வெளியூரில் உள்ள பிள்ளைகள் வங்கி வழியாகக் கட்டுகிறார்கள்.

2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் என்று, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனது. மூதாதையர் வந்த வழியிலேயே நடந்து, வழியில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள். உடல் கிடைக்காதவருக்கும் சடங்கு உண்டு என்ற லனூவியத்து விதியை அறியாமலே, நூற்றெண்பது வருடம் பிந்திய ஒரு கேதத்தை அவர்கள் நடத்தி முடித்தார்கள்.

ஏழைக் குடும்பங்களுக்கு உதவ மலைக்கு வருகிறவர்கள் இன்று நிறையப் பேர். கொழும்பிலிருந்தும், கனடாவிலிருந்தும், இங்கிலாந்திலிருந்தும் நல்ல மனதோடு வருகிறார்கள். ஆட்களை வரிசையில் நிற்க வைத்து உலர் உணவுப் பொதிகளைக் கொடுத்து, வாங்குபவர் முகத்தோடு படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று படத்தில் தெளிவாகத் தெரியும். மரணாதாரச் சங்கம் பல தலைமுறைகளாக இந்தப் பிரிவை அழித்துக்கொண்டு வந்திருக்கிறது. எந்த வீட்டில் படுக்கையோடு கிடக்கும் முதியவர் இருக்கிறார், எந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, யார் கேட்க வெட்கப்பட்டுப் பட்டினி கிடப்பார் என்பது அதன் செயலாளருக்குத் தெரியும். கணக்குக் காட்டும் பழக்கமும் அதற்கு இருக்கிறது. வருகிறவர்கள் லொறியைத் திறப்பதற்கு முன்னால் சங்கத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாம். பொதியைக் குறைத்து, அந்தக் காசில் பதிவில்லாத முதியவர்களின் ஒரு வருடச் சந்தாவைக் கட்டலாம். மீரியபெத்தை போல ஒரு நாளுக்கென்று பல தோட்டங்களின் சங்கங்கள் சேர்ந்து ஒரு பொது நிதி வைக்க முதல் தொகையைப் போடலாம். அப்போது வெளியிலிருந்து வந்த காசும் கொப்பியில் ஒரு வரியாகச் சேரும். வாங்குகிறவர் தன் பங்கை வாங்குகிறார் என்றே எழுதப்படும்.